பெருங்கணிப்பொறிக்கு வீட்டு மின்சாரம் போதுமா?

கிராமங்களில் கணிப்பொறி இன்று புதுமைப் பொருளன்று. சாதிச் சான்று, வருமானச் சான்று கோரும் விண்ணப்பங்கள் யாவும் அதன் வழியாகவே செல்லுகின்றன. இதனையொட்டி, படித்த இளைஞர் சிலர் பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட ‘சர்வர்’ என்னும் பெருங்கணிப்பொறிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, ஊரிலேயே பயிற்சி நிலையம் நடத்த விரும்புகின்றனர். முயற்சி பாராட்டத்தக்கதே. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள கீழ்புத்துப்பட்டு போன்ற ஊர்களில், இயந்திரத்தின் விலையைக் காட்டிலும் அதற்கு மின்சாரம் அளிக்கும் முறையே பெரிதும் ஆராயத்தக்கது.

இத்தகைய பொறிகள் சிலவற்றின் பின்புறத் தகட்டில் ‘200 முதல் 240 வோல்ட் மட்டும்’ எனப் பொறித்திருக்கும். அமெரிக்க நூல்கள் இதனை உயர் மின்னழுத்தக் கருவி என்று குறிப்பிடுவதால், வீட்டு மின்சாரம் இதற்குப் போதாது, மும்முனை மின்சாரம் வேண்டும் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அமெரிக்காவில் வீட்டுப் பிளக்கில் கிடைப்பது 120 வோல்ட்; ஜப்பானில் 100 வோல்ட். அமெரிக்காவில் இப்பொறியை இயக்க, துணி உலர்த்தும் இயந்திரத்திற்கு இடுவதைப் போன்ற 240 வோல்ட் தனி இணைப்பு தேவைப்படுகிறது. நம் நாட்டிலோ ஒருமுனை இணைப்பிலேயே 230 வோல்ட் கிடைக்கிறது. நமது 1956ஆம் ஆண்டு மின்சார விதிகள் 250 வோல்ட் வரையுள்ளதைத் தாழ்ந்த அழுத்தம் என்றே வகுத்தன! அங்கே உயர்ந்தது இங்கே சாதாரணம்.

இதனை அறியாமல், அழுத்தத்தை உயர்த்துவதாக எண்ணி மும்முனைக் கம்பிகளில் இரண்டை எடுத்துப் பொறியில் கொடுப்பது பேராபத்து. இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 400 வோல்ட் உண்டு. பொறி கணத்தில் கருகும். அருகிலிருப்பவர் உயிருக்கும் உறுதியில்லை.

ஆகவே கணக்கிட வேண்டுவது வோல்ட் அன்று, ஆம்பியரே. 1,400 வாட் அளிக்கும் பொறி, தன்னுள் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, சுமார் 1,550 வாட் இழுக்கும். இதனை 230ஆல் வகுத்தால் 6.7 ஆம்பியர் ஆகிறது. விளக்குப் பலகையிலுள்ள சிறிய பிளக் 6 ஆம்பியருக்கே உரியது. அதில் செருகினால் பிளக் சூடேறி இளகும். 16 ஆம்பியர் பிளக்கும், மீட்டர்ப் பலகையிலிருந்து தனியாக வரும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும் வேண்டும். மின்தடைக் காலத்திற்காக 5 கிலோ வோல்ட்-ஆம்பியர் ‘யு.பி.எஸ்.’ அமைப்போர் கவனிக்க: முழுப் பளுவில் அது 22 ஆம்பியர் வரை கேட்கும், எந்த வீட்டுப் பிளக்கும் அதற்கு ஈடுகொடாது. நீட்டிப்புக் கம்பியைச் சுருட்டி வைத்து அதில் நான்கு பொறிகளை மாட்டும் வழக்கத்தை அடியோடு விட்டொழித்தல் வேண்டும்.

இதுவரை கூறியது எவ்வூருக்கும் பொருந்தும். மரக்காணம் உப்பளக் கடற்கரைக்கென்றே சில இடர்கள் உள்ளன. உப்பு ஈரத்தை ஈர்க்கும் என்பதை அளத்துத் தொழிலாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தூய உப்பே கசியத் தொடங்கும். கடலோர இரவுகளில் இவ்வளவு ஈரம் சாதாரணம். பொறியின் விசிறிகள் இழுக்கும் காற்றோடு உப்புத் துகளும் உட்சென்று படிந்து, இரவில் கசிந்து, செப்பு இணைப்புகளைப் பச்சை பூக்கச் செய்கிறது. கடற்புறச் சன்னலை அடைத்து, அறைக்குள்ளேயே காற்றைக் குளிர்விப்பது நலம். பொறி உண்ணும் மின்சாரம் முழுதும் வெப்பமாகவே வெளிவரும் என்பதையும் மறத்தலாகாது. 1,500 வாட் என்பது ஓர் அறைக்குள் இரண்டு இஸ்திரிப் பெட்டிகள் ஓயாது எரிவதற்கு ஒப்பாகும்.

இதே உப்பு கம்பத்து நியூட்ரல் இணைப்பையும் அரிக்கிறது. மூன்று முனைகளுக்கும் பொதுவான நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு முனைகளிலுள்ள வீடுகள் 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக் கொள்ளும். குறைந்த பளுவுள்ள வீட்டிற்கே மிகுந்த அழுத்தம் போய்ச் சேரும். விளக்குகள் சில வீடுகளில் மங்கியும் சில வீடுகளில் பளிச்சென்றும் எரியக் கண்டால், உடனே மெயினை நிறுத்தி மின்வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும். மிகை அழுத்தத்தில் தானே துண்டிக்கும் கருவியொன்றைப் பலகையில் பொருத்துவது, பொறியின் விலையை நோக்க அற்பச் செலவு.

எர்த் குழியிலும் இவ்வூரின் தன்மை வேறு. மேட்டு நிலங்களில் கரியும் உப்பும் இட்டு 2.5 மீட்டர் இரும்புக் குழாயைப் புதைப்பார்கள். இங்கு நிலமே உவர் நிலம். உப்பிடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். மின்சாரம் நிலத்திற்குள் எளிதில் இறங்கும் என்பது நன்மை. துத்தநாகம் பூசிய குழாயையும் உப்பு விரைவில் தின்றுவிடும் என்பது தீமை. மேலே நன்றாகத் தோன்றும் கம்பி, அடியில் துருவாகிப் போயிருக்கக்கூடும். ஆதலின் செம்பு போர்த்திய தண்டைப் புதைத்து, ஆண்டுதோறும் வயர்மேனைக் கொண்டு தடையை அளந்து பார்க்க வேண்டும். எர்த் இல்லாத கணிப்பொறியின் உலோகப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று தைப்பது பலர் அறிந்ததே. பொறி பழுதாகி முழு மின்சாரமும் பெட்டியில் பாய்ந்தால் அது சுருக்கென்பதோடு நிற்காது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவியும் அவசியம்.

கட்டணம் பெற்றுப் பயிற்சி நடத்துவோர் வீட்டு இணைப்பை உபயோகித்தல் கூடாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு இதனை முறையற்ற உபயோகமாகக் கொள்ளுகிறது.

உண்மையில் பெரும் பொறி தேவைதானா என்றும் எண்ணிப் பார்க்கலாம். அண்டையிலுள்ள புதுச்சேரிப் பகுதியில் 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. மின்வாரிய இணைப்போடு சூரிய ஒளி மின்சாரத்தையும் சேர்த்து, சிறிய கணிப்பொறிகளைக் கொண்டே வீராம்பட்டினம் மீனவருக்குக் கடல் அலையின் உயரத்தை முன்னறிவித்தனர். பத்து மாணவர் பயில்வதற்கும் சிறு பொறிகளே போதும் என்பது என் கருத்து.

2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் இக்கரையைத் தாக்கின. புயல் எச்சரிக்கை வந்தவுடன் பிளக்குகளைக் கழற்றி, பொறிகளைத் தரையிலிருந்து மேசை உயரத்திற்கு ஏற்றிவிட வேண்டும். வெள்ளம் புகுந்த அறையில், வயர்மேன் கம்பிகளைச் சோதித்துச் சொல்லும் வரை மெயினைப் போடலாகாது.