தோலுக்கும் வேண்டும் மூடாக்கு
வீட்டிலேயே செய்யும் ஈரம் காக்கும் களிம்பு

மண்ணுக்கு மூடாக்கு போடச் சொன்னால் நம் ஆட்களுக்கு விளக்கமே தேவையில்லை. வைக்கோலோ, கரும்புச் சோகையோ, தென்னை மட்டையோ கையில் கிடைத்ததைப் பரப்பி விடுகிறோம். வெயில் நேரடியாக மண்ணில் படாது, ஈரம் ஆவியாகாது. இதே கணக்கு நம் உடம்புத் தோலுக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் மண்ணை மூடிவிட்டு, அதில் நிற்கிற காலை மட்டும் வெடிக்க விட்டுவிடுகிறோம்.

எங்கள் டெல்டாப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்கச் சேற்றில் நின்ற கால், மார்கழிப் பனியிலும் தை மாதத்து வாடைக் காற்றிலும் பாளம் பாளமாக வெடிக்கும். களை எடுக்க வரும் ஒரு அம்மா சொன்னார்: "சார், நடக்கிறப்ப வலிக்கிறதக்கூடத் தாங்கிக்கலாம். சாணித் தண்ணியில கால வச்சா உயிர் போவுது." வெடிப்பு ஆழமானால் ரத்தம் கசியும். அதன் வழியே சேறும் சாணமும் உள்ளே போனால் சீழ் பிடிக்கும். நாலு நாள் வேலைக்கு வர முடியாது, கூலியும் போகும். ஜீவாமிர்தத்தை வெறுங்கையால் கலக்கும் நமக்கும் இதே ஆபத்து உண்டு. ஆகவே இதை அழகு சாதனப் பாடமாக நினைக்காதீர்கள். நடவு, களை, அறுப்பு மாதிரி இதுவும் பண்ணை வேலைதான்.

தோல் ஏன் வெடிக்கிறது?

நம் தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரி. செத்த செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு, சாந்து. இந்தச் சாந்து சரியாக இருக்கும்வரை உள்ளே உள்ள ஈரம் வெளியே போகாது. அடிக்கடி நனைந்து காய்வது, காரமான சோப்பு, பனிக்காற்று ஆகிய மூன்றும் சாந்தை அரித்து விடும். ஈரம் போன தோல் விறைத்துப் போகிறது. குதிகாலில் தோல் தடிமன். உடம்புப் பாரமும் அங்கேதான் இறங்குகிறது. விறைத்த தோல் வளைய முடியாமல் பிளக்கிறது. கோடையில் களிமண் வயல் வெடிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எண்ணெய் தோலுக்கு ஈரம் கொடுக்காது. எண்ணெயில் தண்ணீரே கிடையாதே, எங்கிருந்து கொடுக்கும்? ஏற்கெனவே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. மூடாக்கும் தண்ணீர் பாய்ச்சாது அல்லவா? காய்ந்த மண்ணில் மூடாக்குப் போட்டால் அடியில் மண் காய்ந்தேதான் கிடக்கும். அதுபோல, காய்ந்த காலில் எண்ணெய் தடவினால் பலன் பாதிதான். முதலில் காலை நனைக்க வேண்டும், ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். கடையில் மாய்ஸ்சரைசர் வாங்கிப் பூசுகிறவர்களுக்கும் இதே விதிதான்.

கடைகளில் கிடைக்கும் பெட்ரோலியம் ஜெல்லியைப் பற்றிக் கேட்பீர்கள். அதுவும் ஈரத்தைக் காக்கும், நன்றாகவே காக்கும். பிளாஸ்டிக் மூடாக்குத் தாளும் ஈரம் காக்கத்தானே செய்கிறது? ஒன்று பெட்ரோலிய எண்ணெயில் இருந்து வருகிறது, மற்றொன்று நம் வயலில் இருந்து வருகிறது என்பதுதான் வித்தியாசம். தென்னையும் எள்ளும் தேன்பெட்டியும் வைத்திருக்கிற நாம் காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பதே என் கட்சி.

தேவையானவை

செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் – 60 கிராம்
செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் – 40 கிராம்
தேன்மெழுகு – 20 கிராம்

இவ்வளவுதான். எல்லாவற்றையும் எடை போட்டே எடுங்கள். பேங்கில் 32 வருடம் பேரேடு பார்த்தவன் என்பதால் சொல்லவில்லை. மெழுகு 5 கிராம் கூடினாலே களிம்பு கட்டியாகிவிடும்.

ஏன் இரண்டு எண்ணெய்? தேங்காய் எண்ணெய் சுமார் 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் தனித் தேங்காய் எண்ணெய்க் களிம்பு கல்லு மாதிரி இருக்கும். நல்லெண்ணெய் சேர்ந்தால் இளக்கமாக இருக்கும். எள்ளில் இயற்கையாகவே உள்ள சில பொருள்களால் நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது.

செக்கு எண்ணெயில் ஒரு கவனம் வேண்டும். எள் ஆட்டும்போது கருப்பட்டியும் கொஞ்சம் தண்ணீரும் சேர்க்கிறார்கள். அந்தக் கசடும் ஈரமும் அடியில் நிற்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, வெள்ளைத் துணியால் வேடு கட்டி, நாலைந்து நாள் வெயிலில் வைத்துத் தெளிந்த பிறகு மேலாக உள்ளதை மட்டும் எடுங்கள்.

தேன்மெழுகு, தேன் எடுத்து முடித்த அடையிலிருந்து கிடைக்கும். அடைகளை ஒரு மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி, வெந்நீரில் போட்டு, சிறு தீயில் வையுங்கள். கொதிக்க விட வேண்டாம். மெழுகு உருகித் துணி வழியே கசிந்து மேலே மிதக்கும். மூட்டையை அழுத்திப் பிழிந்து எடுத்துவிட்டு, பாத்திரத்தை அசைக்காமல் ஆற விட்டால் வில்லையாக உறையும். அடியில் ஒட்டியிருக்கும் அழுக்கைக் கத்தியால் சுரண்டிவிட்டு, வில்லையை நன்றாகக் காய வையுங்கள். வெளியே வாங்குவதாக இருந்தால் தேன் வாசனை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். வாசனையே இல்லாமல் வெள்ளையாக வழவழப்பாக இருந்தால் அது மெழுகுவத்தி மெழுகாக இருக்கலாம். பெட்டி வைக்காதவர்கள் மெழுகுக்காக மரத்தில் உள்ள கூட்டைத் தீ வைத்து எடுக்க வேண்டாம். மகரந்தச் சேர்க்கைக்கு வரும் தேனீயைக் கொன்று களிம்பு செய்வது நமக்கு நஷ்டக் கணக்கு.

செய்முறை

1. பாத்திரம், கரண்டி, டப்பா எல்லாவற்றையும் கழுவி வெயிலில் வைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காய வையுங்கள்.

2. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் சூடாக்கி, அதனுள் சின்னப் பாத்திரத்தை வையுங்கள். துருவிய மெழுகைச் சின்னப் பாத்திரத்தில் போடுங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும். வெந்நீர்ச் சூடே போதும். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். அப்படித் தப்பித்தவறிப் பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, தட்டால் மூடி விடுங்கள்.

3. மெழுகு உருகியதும் எண்ணெய்களை ஊற்றுங்கள். குளிர்ந்த எண்ணெய் பட்டவுடன் மெழுகு திரிதிரியாக உறையும். பயப்பட வேண்டாம், கிளறிக்கொண்டே இருந்தால் மீண்டும் தெளிந்துவிடும்.

4. பதம் பார்க்க ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு, ஆறியதும் விரலால் அழுத்துங்கள். ஒழுகினால் இன்னும் கொஞ்சம் மெழுகு, கட்டியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் எண்ணெய். கைக்கும் உதட்டுக்கும் இளக்கமாக வேண்டுமானால் 100 கிராம் எண்ணெய்க்கு 12 கிராம் மெழுகு போதும்.

5. டப்பாக்களில் ஊற்றி, முழுக்க ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் உள்ளே சொட்டும். தேங்காய் எண்ணெய் வாசனைக்கு எலி வரும், ஆகவே இறுக்கமான மூடி அவசியம்.

வேப்பிலை, மருதாணி சேர்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சேர்க்க விரும்புகிறவர்கள் நிழலில் சருகாகக் காய்ந்த இலை ஒரு கைப்பிடி எடுத்து, எண்ணெயில் சிறு தீயில் சூடேற்றி, வடிகட்டிப் பயன்படுத்தலாம். பச்சை இலை போட்டால் தைலம் காய்ச்சும் முறைதான்: சடசடப்பு அடங்கி, இலை மொறுமொறுப்பாகி, கசடு மணல் பதம் வர வேண்டும். சந்தேகம் இருந்தால், ஒரு பஞ்சுத் திரியை அந்த எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள். படபடவென்று வெடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர்தான் எதிரி

இந்தக் களிம்பில் தண்ணீர் இல்லாததால்தான் ரசாயனப் பாதுகாப்பான் இல்லாமலே ஆறு மாதம் நிற்கிறது. தண்ணீர் இருந்தால் கிருமி வளரும், பூஞ்சணம் பிடிக்கும். அதனால் கற்றாழைச் சோறு, பன்னீர், பால், தயிர் எதையும் இதில் கலக்காதீர்கள். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் கெடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அது எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத்தான் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது.

கற்றாழை வேண்டுமானால் மடலை வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் சாய்த்து வைத்து, மஞ்சள் பாலை வடிய விட்டு, சோற்றைக் கழுவி அப்போதைக்கப்போது தடவிக் கொள்ளுங்கள். அதன் மேல் களிம்பைப் பூசலாம். மஞ்சள் பால் சிலருக்கு அரிப்பு உண்டாக்கும்.

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரும், கறுத்துப் போய்ப் பல வாரம் நிற்கும். காலை முதல் மாலை வரை வெயிலில் நிற்கும் நமக்கு அது ஆகாது.

பூசும் முறை

இரவு படுக்கப் போகும்முன் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வையுங்கள். பீர்க்கங்கூட்டால் மெதுவாகத் தேய்த்துச் செத்த தோலை எடுங்கள், பிளேடு வைக்காதீர்கள். துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுசாகக் காயும்முன் சுண்டைக்காய் அளவு களிம்பை எடுத்து, உள்ளங்கைச் சூட்டில் இளக்கிப் பூசுங்கள். பழைய பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்தால் பாயிலும் ஒட்டாது, தரையில் வழுக்கியும் விழ மாட்டோம். ஆழமில்லாத வெடிப்பு இரண்டு வாரத்தில் மூடுவதை எங்கள் பண்ணையில் பார்க்கிறேன்.

எங்கே பூசக் கூடாது?

தண்ணீர் தேங்கிய வயலில் மூடாக்குப் போட்டால் வேர் அழுகும். அதே மாதிரி, கால் விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணில் இந்தக் களிம்பைப் பூசக் கூடாது. அங்கே பிரச்சினையே ஈரம்தான். மூடினால் இன்னும் ஊறி மோசமாகும். விரல் இடுக்கைக் கழுவி, துடைத்து, காற்றாட விடுங்கள். ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரத்தம் கசிகிற, சீழ் வைத்த வெடிப்பு, தீப்புண் ஆகியவற்றிலும் பூச வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், வெடிப்பு வலிக்காது. வலிக்கவில்லை என்று விட்டுவிடாமல் தினமும் பாதத்தைப் பாருங்கள். வெடிப்பு கண்டால் முதலில் மருத்துவர், பிறகுதான் களிம்பு. வெந்நீரின் சூட்டையும் அவர்கள் காலால் பார்க்கக் கூடாது. வீட்டில் இன்னொருவர் கையால் பார்த்துச் சொல்லட்டும். முகப்பரு உள்ளவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் முகத்தில் சேராமல் போகலாம். யாராக இருந்தாலும் முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் பூசி ஒரு நாள் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கணக்கு

ஒரு கிலோ எண்ணெய், 200 கிராம் மெழுகு சேர்த்தால் 1,200 கிராம். 30 கிராம் டப்பாவாக 40 டப்பா. எண்ணெயைச் சொந்தமாக ஆட்டினாலும் விலை போட்டுத்தான் எழுத வேண்டும். இரண்டு எண்ணெயும் கிலோ 400 ரூபாய், மெழுகு கிலோ 800 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 560 ரூபாய். டப்பா ஒன்றுக்கு 14 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பாதத்துக்கும் ஓர் இரவுக்கு 2 கிராம் போதும். ஒரு டப்பா 15 நாள் வரும். பத்துப் பேருக்கு மார்கழி, தை இரண்டு மாதமும் இந்த 40 டப்பா போதுமானது. எங்கள் பக்கத்தில் இது இரண்டு ஆள் கூலிகூட இல்லை.

விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சொந்த உபயோகத்துக்குத் தடையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால் 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகு சாதனப் பொருள்கள் சட்டமும், 2020ஆம் ஆண்டின் அழகு சாதன விதிகளும் பொருந்தும். மாநில அரசின் உரிமம் வேண்டும். "தோல் நோய் தீரும்" என்று லேபிளில் எழுதினால் அது மருந்துக் கணக்கில் போய்விடும். குழுவாகச் சேர்ந்து தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் உரிமத்தை முடித்துக்கொண்டு இறங்குங்கள்.

கார்த்திகை முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்து வையுங்கள். முதல் டப்பாக்கள் உங்கள் வயலில் சேற்றில் நிற்கிறவர்களுக்குப் போகட்டும். அந்த 560 ரூபாயைத் தர்மக் கணக்கில் எழுதாதீர்கள். விதை, உழவு, அறுப்புக் கூலி எழுதுகிற அதே பக்கத்தில், சாகுபடிச் செலவாகவே எழுதுங்கள்.