முகவரி ஓர் அமானிதம்

எழுதத் தெரிந்த மாணவியர் இன்று நம்மிடையே பலர் உள்ளனர். எழுதியதை எங்கே வெளியிடுவது என்று கேட்டால் முகநூல், இன்ஸ்டகிராம் என்றே பெரும்பாலும் விடை வருகிறது. அங்கே ஆயிரம் பேர் உங்களைப் பின்தொடரலாம். ஆனால் அவர்களுள் யாருக்கு உங்கள் எழுத்தைக் காட்டுவது என்று தீர்மானிப்பது அந்த நிறுவனமே. கணக்கு முடங்கினால் ஆயிரம் பேரும் ஒரே நாளில் கைவிட்டுப் போய்விடுவர். மின்னஞ்சல் மடல் வேறுவகை. விரும்பிக் கேட்டவருடைய முகவரிக்கு, சொன்ன நாளில், எழுதியவரே அனுப்புவது அது. வாசகர் பட்டியலும் எழுதியவர் கையிலேயே இருக்கும்.

கருவி புதிது, தொழில் பழையது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838–1898) 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பெண் கல்விக்காகவும் உழைத்த அவர், தம் சமூகத்துடன் வாரந்தோறும் பேச ஒரு வழி தேடினார். நம் கொக்குவிலில் இருந்து வெளிவரும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஆண்டு பிறக்குமுன் அது கைக்கு வந்துவிடும் என்று வீடுகள் நம்பின. அந்த நம்பிக்கையே அதன் பலம்.

யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்த எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கினார். பெரும் முதல் இல்லை. இதழ்களைக் கையில் சுமந்து சென்று, ஆளாளாகச் சந்தித்து விற்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லிகை வந்தது. வாசகர் ஒவ்வொருவராகவே சேர்வர் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இன்னொன்றையும் நாம் மறக்க இயலாது. 1990 அக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணம் சோனகத் தெருவின் வீட்டு முகவரிகள் ஒரே நாளில் வெறுமையாயின. அயலவர் புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு எனச் சிதறினர். தபால்காரர் கொண்டுவரும் கடிதம் வீட்டைத் தேடி வரும். மின்னஞ்சலோ ஆளைத் தேடிப் போகும். சிதறிய ஊரை ஒரு பட்டியலில் மீண்டும் கூட்டிவைக்க ஒரு மாணவியாலும் இயலும். அதற்குச் சில விதிகள் உண்டு.

முதலாவது, பொருளைச் சுருக்குங்கள். ‘எல்லாவற்றையும் எழுதுவேன்’ என்பவரை யாரும் காத்திருந்து வாசிப்பதில்லை. உம்மம்மாவின் சமையலும் அதன் கதைகளும், உயர்தர இரசாயனவியலை எளிய தமிழில், பழைய சோனகத் தெரு நினைவுகள் என ஏதேனும் ஒன்று போதும்.

இரண்டாவது, முதல் பத்து வாசகரை நேரில் கேட்டுச் சேருங்கள். மடல் பிடித்திருந்தால் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள் என்று ஒவ்வொரு மடலின் முடிவிலும் ஒரு வரி எழுதுங்கள். வளர்ச்சி பெரும்பாலும் அந்த ஒரு வரியில் இருந்தே வரும்.

மூன்றாவது, காலம் தவறாதீர்கள். வாரம் ஒன்று என்று அறிவித்து மூன்றாம் வாரத்தில் நின்றுபோவதைவிட, மாதம் ஒன்று என்று சொல்லி ஆண்டு முழுதும் அனுப்புவது மேல். இரண்டு மடல்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அறிவிப்பைச் செய்யுங்கள். பரீட்சைக் காலத்தில் அவை கைகொடுக்கும்.

நான்காவது விதியே தலையாயது: ஒருவர் தரும் முகவரி உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார் என்பதற்காக ஒருவரைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. சம்மதம் கேட்க வேண்டும். விலக விரும்புபவர் ஒரே அழுத்தில் விலக வழி வைக்க வேண்டும். எல்லா முகவரிகளையும் பெறுநர் கட்டத்தில் இட்டு அனுப்பினால் ஒருவர் முகவரி மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். பட்டியலில் நம் தோழியர் இருப்பர். அவர்கள் முகவரி அந்நியர் கைக்குப் போவதற்கு நாமே காரணமாகிவிடுவோம். மறைநகல் கட்டத்தை, அல்லது மடல் அனுப்பும் சேவையைப் பயன்படுத்துங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் கேட்பதற்கு முன்பே மார்க்கம் நம்மிடம் கேட்டது இதைத்தான்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக: சாதாரண ஜிமெயில் கணக்கில் நாளொன்றுக்கு 500 பேர்வரை அனுப்பலாம். சப்ஸ்டாக் போன்ற சேவைகளில் இலவசமாகத் தொடங்கலாம். சந்தாப் பணம் வாங்கினால் அது 10 வீதத்தை எடுத்துக்கொள்ளும். எந்தச் சேவையானாலும் மாதம் ஒருமுறை பட்டியலைத் தரவிறக்கிப் பத்திரப்படுத்துங்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். சில கைபேசிகள் மடலைத் தாமே திறந்ததுபோல் காட்டிவிடும். எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று பாருங்கள். எழுதியவர்க்கு மறுமொழி அனுப்புங்கள்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பிள்ளை எழுதுவதைத் தடுக்க வேண்டாம், உடன் இருங்கள். மடலுக்கென்று தனியான மின்னஞ்சல் முகவரி திறந்து கொடுங்கள். வீட்டு முகவரியும் தொலைபேசி இலக்கமும் அதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாசகர்களுள் நீங்களும் ஒருவராக இருந்தால், தெரியாத ஒருவர் எழுதும் பதிலை மகள் உங்களிடம் தயங்காமல் காட்டுவாள்.

மாணவியரே, வரும் விடுமுறையில் முதல் மடலை எழுதுங்கள். பட்டியலின் முதல் முகவரி உங்கள் உம்மாவுடையதாக இருக்கட்டும். அதையும் அவரிடம் கேட்டே சேருங்கள்.