மெலிசான செல்போன் இடுப்புக்குத் தாங்குமா?



குழுவில் கடன் எதற்கு என்று கேட்டால் கறவை மாடு, தையல் மிஷின், பள்ளிக்கூட ஃபீஸ் என்று சொல்வோம். இப்போது அந்த வரிசையில் ஸ்மார்ட்போனும் சேர்ந்துவிட்டது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. வங்கியில் பணம் ஏறிய செய்தி, ஓ.டி.பி., கேஸ் பதிவு, பிள்ளையின் பள்ளித் தகவல், குழுக் கணக்கு எல்லாம் இன்றைக்கு அந்தப் போனில்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார்ப்போம். ரூ.12,000 கடன் வாங்கி ஒரு போன் எடுக்கிறோம். மாதம் ரூ.1,000 அசல், அதற்கு மேல் வட்டி. ஐந்து தவணை கட்டி முடித்த நேரத்தில் போன் வளைந்து, திரை செத்துப் போனால் என்ன ஆகும்? போன் போய்விட்டது, ஆனால் ஏழு தவணை பாக்கி நிற்கிறது. அதனால் போன் எத்தனை நாள் தாங்கும் என்பது நமக்கு ஃபேஷன் பேச்சு இல்லை, சேமிப்புப் பேச்சு. இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு

இந்தப் பேச்சு வந்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

ஒரு பக்கம் சொல்வது: "மெலிசா இருந்தா கையில பிடிக்க சுலபம். கனம் இல்ல. இடுப்புல செருகினா உறுத்தாது. கம்பெனிக்காரன் சோதிக்காமலா விப்பான்?"

மறு பக்கம் சொல்வது: "அப்பளம் மாதிரி இருக்கு, குனிஞ்சா ஒடிஞ்சிடும். பழைய பட்டன் போன் எத்தனை தடவை விழுந்துச்சு! இன்னும் பேசுதே!"

இரண்டிலும் உண்மை இருக்கிறது. எதில் எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்ள, வெளிநாட்டில் நடந்த ஒரு விஷயத்தைப் பார்ப்போம்.

2014-இல் அமெரிக்காவில் நடந்தது

2014 செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனி ஐபோன் 6, ஐபோன் 6 பிளஸ் என்று இரண்டு போன்களை விற்பனைக்கு விட்டது. முதலாவது 6.9 மி.மீ. தடிமன், பெரியது 7.1 மி.மீ. உடம்பு அலுமினியம். விற்பனை தொடங்கி சில நாளிலேயே, "பேண்ட் பாக்கெட்டில் வைத்திருந்தேன், போன் வளைந்துவிட்டது" என்று சிலர் படம் எடுத்துக் காட்டினார்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கிற பட்டனுக்குப் பக்கத்தில்தான் வளைவு விழுந்தது. உலகம் முழுக்க அதே பேச்சாகிவிட்டது.

முதல் ஆறு நாளில் வளைந்ததாகப் புகார் சொன்னவர்கள் 9 பேர்தான் என்று கம்பெனி சொன்னது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு தானே சோதித்துப் பார்த்தது. போனின் இரண்டு முனையையும் தாங்கலில் வைத்து, நடுவில் மிஷினால் அழுத்தினார்கள். எத்தனை கிலோவில் போன் வளைந்தது என்று பாருங்கள்:

ஐபோன் 6 – சுமார் 32 கிலோ
எச்.டி.சி. ஒன் எம்8 – சுமார் 32 கிலோ
ஐபோன் 6 பிளஸ் – சுமார் 41 கிலோ
ஐபோன் 5 – சுமார் 59 கிலோ
எல்.ஜி. ஜி3 – சுமார் 59 கிலோ
சாம்சங் கேலக்ஸி நோட் 3 – சுமார் 68 கிலோ

சாதாரணப் பழக்கத்துக்கு இந்தப் போன்கள் எல்லாமே தாங்கும் என்றுதான் அந்த அமைப்பு முடிவு சொன்னது. ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2018-இல் ஒரு வழக்கில் ஆப்பிளின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. முந்தைய ஐபோன் 5எஸ்-ஐ விட ஐபோன் 6 வளைய 3.3 மடங்கு வாய்ப்பு, 6 பிளஸ் வளைய 7.2 மடங்கு வாய்ப்பு என்று கம்பெனியே முன்பு சோதித்து அறிந்திருந்தது அதில் தெரிந்தது. 2015-இல் வந்த அடுத்த மாடலில் இன்னும் உறுதியான அலுமினியக் கலவையைப் போட்டு, தடிமனையும் கொஞ்சம் கூட்டினார்கள்.

ஏன் வளைகிறது? ஒரு சின்னச் சோதனை

பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுங்கள். படுக்க வைத்துப் பிடித்து வளைத்தால் லேசாக வளையும். அதே ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்து வளைத்துப் பாருங்கள், வளையாது. பொருள் அதேதான். வளைக்கிற பக்கத்தில் கனம் கூடிவிட்டது, அவ்வளவுதான். கூரைக்குச் சட்டம் போடும் ஆசாரி அதைப் படுக்கப் போடாமல் நிமிர்த்திப் போடுவதும் இதற்காகத்தான்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரே பொருளில் செய்த தகட்டின் கனத்தைப் பாதியாக்கினால், அதன் விறைப்பு பாதியாகக் குறையாது, எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 7.1 மி.மீ. கனத்தை 5.6 மி.மீ. ஆக்கினால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் விறைப்பு ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். அதனால் "ஒரு மில்லிமீட்டர்தானே" என்று சொல்லக் கூடாது.

நீளமும் சேர்ந்துகொள்கிறது. நீளமான குச்சியை முறிப்பது சுலபம், குட்டைக் குச்சியை முறிப்பது கஷ்டம். பெரிய திரை, மெலிந்த உடம்பு இரண்டும் சேர்ந்தால் வளைவது இன்னும் சுலபம். பட்டனுக்கும் சிம் தட்டுக்கும் ஓரத்தில் வெட்டிய இடம்தான் மிகவும் பலவீனமான இடம்.

தடிமனாக இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. மேலே உள்ள பட்டியலைத் திரும்பப் பாருங்கள். எச்.டி.சி. போன் 9 மி.மீ.க்கு மேல் தடிமன். ஆனாலும் 6.9 மி.மீ. ஐபோன் வளைந்த அதே 32 கிலோவில் வளைந்தது. பிளாஸ்டிக் உடம்பு கொண்ட நோட் 3 எல்லாவற்றையும் விட அதிகம் தாங்கியது. ஆக, கனத்தோடு பொருளும் உள்ளே கட்டிய விதமும் முக்கியம்.

2025-இல் இரண்டு மிக மெலிசான போன்கள் வந்தன. சாம்சங் எஸ்25 எட்ஜ் 5.8 மி.மீ., ஐபோன் ஏர் 5.6 மி.மீ. இரண்டுக்கும் சட்டம் டைட்டானியம். அலுமினியத்தை விட அது உறுதியான உலோகம். மெலிசாக்கியதில் இழந்த பலத்தை விலை உயர்ந்த உலோகத்தால் ஈடுகட்டியிருக்கிறார்கள். அதனால் "மெலிசு என்றாலே ஒடியும்" என்பதும் சரியில்லை.

ஆனால் நம் கைக்கு எட்டும் விலையில் டைட்டானியம் கிடைக்காது. குறைந்த விலைப் போன் ரொம்ப மெலிசாக இருந்தால், பலத்தை எதில் ஈடுகட்டியிருக்கிறார்கள் என்ற கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும்.

வெளியே தெரியாத சேதம்

வளைவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் சேதம் என்று நினைக்க வேண்டாம். போனுக்குள் பச்சைப் பலகையில் சின்னச் சின்ன சில்லுகள் ஈயம் போல் பற்றவைத்து ஒட்டியிருக்கும். போன் லேசாக வளைந்து வளைந்து நிமிர்ந்தால் அந்த ஒட்டு விரிசல் விடும். ஐபோன் 6 பிளஸ்ஸில் இதுவும் நடந்தது. திரையின் மேல்பக்கம் சாம்பல் நிறக் கோடு மின்னும், தொட்டால் வேலை செய்யாது. பலமுறை கீழே விழுந்த போன்களுக்கு இப்படி ஆகிறது என்று கம்பெனி சொல்லி, 2016 நவம்பரில் 149 டாலர் வாங்கிக்கொண்டு பழுது பார்த்துக் கொடுத்தது.

அடுத்தது பேட்டரி. மெலிந்த போனில் பேட்டரிக்கு இடம் குறைவு. எஸ்25 எட்ஜில் 3,900 எம்.ஏ.எச். பேட்டரிதான் இருக்கிறது. விலை குறைந்த பல சாதாரண போன்களிலேயே 5,000 எம்.ஏ.எச். வருகிறது. அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆபத்தும் உண்டு. பேட்டரி மடங்கினாலோ குத்துப்பட்டாலோ உள்ளே சூடேறித் தீப்பிடிக்கலாம். போனின் முதுகு உப்பினால் சார்ஜ் போடாதீர்கள். அமுக்கிப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்தாதீர்கள். அடுப்பிலும் குப்பைத் தீயிலும் போடாதீர்கள். அணைத்துவிட்டு, சர்வீஸ் கடையில் கொடுங்கள்.

நாம் எங்கே வைக்கிறோம்?

சோதனை எல்லாம் பேண்ட் பாக்கெட்டை நினைத்துச் செய்தது. நமக்குப் பாக்கெட் ஏது? இடுப்பில் செருகுகிறோம், சுருக்குப் பையில் போடுகிறோம், கூடைக்குள் வைக்கிறோம். அதனால் நமக்கென்று சில கவனங்கள்:

1. இடுப்பில் செருகிக்கொண்டு குனியாதீர்கள். நாற்று நடும்போதும், களை பறிக்கும்போதும், தரையில் சப்பணமிட்டு உட்காரும்போதும் போனின் ஒரு முனை வயிற்றில், மறு முனை தொடையில் மாட்டிக்கொள்கிறது. மிஷின் செய்த சோதனையை நாமே செய்கிற மாதிரி. 32 கிலோ என்பது பெரிய பாரம் இல்லை. நம் உடல் எடையே அதை விட அதிகம்.

2. மண்ணோடு சேர்க்காதீர்கள். சாவி, சில்லறை பட்டால் கண்ணாடியில் கீறல் விழும் என்று பயப்படுகிறோம். உண்மையில் மணல்தான் அதை விட மோசம். மணல், போன் கண்ணாடியை விடக் கடினமானது. பையை வாரம் ஒருமுறை உதறுங்கள்.

3. வியர்வையும் ஈரமும் சார்ஜ் துளைக்குள் போகும். வயல் வேலைக்குப் போகும்போது தனித் துணிப்பையில் போட்டு, கரையில் நிழலில் வையுங்கள். வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் வேண்டாம்.

4. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். பாயில் போட்டால் யாராவது மிதித்துவிடுவார்கள்.

5. ஓரம் தூக்கலாக இருக்கும் ரப்பர் உறை போடுங்கள். விழும்போது அடியை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் வளைவதை மெல்லிய உறை தடுக்காது. உறை போட்ட பிறகு மெலிசான போனும் தடிமனாகிவிடும். அப்புறம் மெலிசுக்கு எதற்குக் கூடுதல் காசு?

கடையில் கேட்க வேண்டியவை

பெட்டியில் ஐ.பி. என்று போட்டு இரண்டு எண் இருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எண் கூடக்கூடப் பாதுகாப்பு கூடும். 68 என்றால் தூசி புகாது, குறிப்பிட்ட ஆழத்தில் குறிப்பிட்ட நேரம் தண்ணீரையும் தாங்கும். வளைவதற்கும் விழுவதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை.

வாரண்டி அட்டையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் விழுந்து உடைந்தது, வளைந்தது, தண்ணீர் பட்டது எதற்கும் இலவசப் பழுது கிடையாது. திரை மாற்ற எவ்வளவு, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று முன்பே கேளுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். குறையுள்ள போனைக் கொடுத்துவிட்டுக் கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

கடைசியாக ஒரு கணக்கு

ரூ.12,000 போன் நான்கு வருஷம் உழைத்தால் மாதச் செலவு ரூ.250. ஒன்றரை வருஷத்தில் செத்துவிட்டால் மாதம் சுமார் ரூ.667. கடையில் பார்க்கிறது ஒரே விலைதான். வீட்டுக்கு வந்து விழுகிற செலவு இரண்டரை மடங்குக்கு மேல்.

ஆகவே எங்கள் கருத்து இது: மேஜையில் வைத்து வேலை பார்க்கிறவருக்கு மெலிசு ஒரு குறை இல்லை. குனிந்து நிமிர்ந்து, வயலிலும் பஸ்ஸிலும் அலைகிற நமக்குக் கொஞ்சம் கனமான உடம்பு, பெரிய பேட்டரி, பக்கத்து ஊரில் சர்வீஸ் இருக்கும் போன்தான் ஏற்றது. மெலிசு பிடித்திருந்தால் வாங்கலாம்; வைக்கிற இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் போனுக்குக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்? தவணை முடியும் முன்பே போன் கெட்டுப்போனது எத்தனை பேருக்கு? எதனால் கெட்டது?
2. கணக்கு எழுதும் உறுப்பினரின் போன் திடீரென்று கெட்டால் குழுக் கணக்கு என்ன ஆகும்? நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறோமா?
3. போன் கடனுக்குத் தவணைக் காலம் எவ்வளவு இருக்கலாம்? வாரண்டிக் காலத்துக்குள் முடிக்க முடியுமா?
4. ஸ்கேல் சோதனையை எல்லோர் முன்னும் செய்து பாருங்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பேசி எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதியிடம் கொடுத்து அனுப்புங்கள்.