பழைய பவர் டில்லரின் உறுப்புகளை அறிந்து வாங்குதல்

நெசவுத் தொழில் செய்யும் நம் அங்கத்தினர் எவரும் 60-ஆம் நம்பர் நூலையும் 80-ஆம் நம்பர் நூலையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கின்றன என்று சொல்லி ஒரே பாவில் கலப்பதில்லை. கட்டின் மேலுள்ள நம்பரைப் பார்த்த பின்னரே பாவு ஓட்டத் தொடங்குகிறார். தறியடியில் உள்ள இந்த நல்ல வழக்கம் வயலில் ஓடும் யந்திரத்தினிடம் நமக்கு இன்னும் ஏற்படவில்லை. அங்கே தேய்ந்த உறுப்பைக் கையில் தூக்கிக் காட்டி, "இதைப் போல ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வருகிறோம். இதனால் விளையும் நஷ்டத்தையும் அதைத் தவிர்க்கும் வழியையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

நம் சங்கத்தில் வாடகைக்கு விடப்படும் பழைய டில்லர் ஒன்றில், சம்பா நடவுக் காலத்தில், ரோட்டரியின் செயின் பெட்டி மூடியிலிருந்து ஒரு நட் கழன்று சேற்றில் விழுந்துவிட்டது. கிணற்றடி எஞ்ஜினுக்காக வைத்திருந்த நட் ஒன்றை எடுத்துப் பொருத்தினோம். இரண்டு சுற்று எளிதாக ஏறியது; பிறகு இறுகியது. ஸ்பானரால் அழுத்தித் திருப்பினோம்; அதுவும் ஏறிற்று. இரண்டு நாட்களுக்குப் பின் மரை அறுந்து மூடி தளர்ந்தது. எண்ணெய் கசிந்தது, சேற்று நீர் உள்ளே புகுந்தது, பேரிங் இறுகிப் போயிற்று. யந்திரம் பதினொரு நாட்கள் நின்றது. வரிசையில் காத்திருந்த நான்கு அங்கத்தினர்களின் நாற்று நாற்றங்காலிலேயே முற்றியது. முற்றிய நாற்றை நட்டால் தூர் குறையும் என்பதை உழவர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. சில ரூபாய் பெறும் ஒரு நட்டை அளந்து பாராத பிழை நம்முடையதே.

1. பெயர்த் தகடு

ஜப்பானின் சிறு வயல்களில் வளர்ச்சி பெற்ற இந்த யந்திரத்தை நம் நாட்டிலும் 1960-களில் செய்யத் தொடங்கினர். 1967-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியின் துணையோடும், 1973-இல் கேரள அரசு அத்தாணியில் தொடங்கிய காம்கோ நிறுவனம் குபோட்டாவின் துணையோடும் டில்லர்களைச் செய்தன. இரு மரபு யந்திரங்களும் தூரத்துப் பார்வைக்கு உடன்பிறப்புகள் போலத் தோன்றும். ஆயினும் ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று எண்ணுவது தவறு.

ஒரே பெயருள்ள மாதிரியிலும்கூட, காலப்போக்கில் தயாரிப்பாளர் சில உறுப்புகளை மாற்றியிருப்பர். ஆகவே மாதிரியின் பெயர், யந்திரத்தின் வரிசை எண், எஞ்ஜினில் தனியே பொறித்த எண் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய டில்லரில் எஞ்ஜின் மாற்றப்பட்டிருக்கவும் கூடும். எனவே ஒன்றை மட்டும் குறித்தல் போதாது. தகட்டின்மேல் பெயிண்ட் அடிப்பது யந்திரத்தின் பிறப்புச் சீட்டை அழிப்பதற்கு ஒப்பாகும். மேலும், வார்ப்பிரும்பின்மேல் புடைத்து நிற்கும் எண் பெரும்பாலும் வார்ப்பு அச்சின் எண்ணாகும். அதையே உறுப்பின் எண் என்று கொண்டு கடிதம் எழுதலாகாது.

2. மரை

கிணற்றடியில் ஓடும் பழைய ஆங்கில மரபு ஆயில் எஞ்ஜின்களில் விட்வொர்த் என்னும் அங்குல மரை உண்டு. ஜப்பானிய மரபில் வந்த டில்லரில் உள்ளது மெட்ரிக் மரை. நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-இல் வந்தபோதிலும், அங்குல மரை போல்ட்டுகள் நம் பெட்டிகளினின்றும் இன்னும் நீங்கவில்லை.

நாம் ஏமாந்த இடம் இதுவே. 5/16 அங்குல விட்வொர்த் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; எம் 8 போல்ட்டின் விட்டம் 8 மி.மீ. கண்ணால் இந்த வேற்றுமையைக் காண இயலாது. ஆனால் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம் முன்னதில் 1.41 மி.மீ.; பின்னதில் 1.25 மி.மீ. இதை அறியத் தனிக் கருவி இல்லாவிடினும் குற்றமில்லை. ஒரு மரையின் உச்சியில் அளவுகோலை வைத்து, அதிலிருந்து பத்தாவது இடைவெளி முடியும் இடத்தைப் பாருங்கள். 12.5 மி.மீ. வந்தால் அது எம் 8, 14 மி.மீ.க்குச் சற்று மேல் வந்தால் அங்குல மரை. எம் 10 போல்ட்டுகளிலும் 1.5, 1.25 என இருவகை இடைவெளி உண்டாகையால் அவற்றையும் எண்ணியே வாங்குக.

விரலால் நட்டைத் திருப்பினால் அது முழுமையும் ஏற வேண்டும். நடுவில் இறுகினால் மரை கெட்டிருக்கிறது, அல்லது அழுக்கு அடைத்திருக்கிறது, அல்லது நட் வேறு இனத்தது. காரணம் அறியுமுன் ஸ்பானரைத் தொடலாகாது. தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுக்குப் பதிலாகக் குறியில்லாத மெல்லிய போல்ட்டை இடுவதும் கூடாது.

3. பேரிங்

பேரிங்கின் எண் அதன் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 6205 என்னும் எண்ணில் கடைசி இரு இலக்கங்களாகிய 05-ஐ ஐந்தால் பெருக்கினால் 25 மி.மீ. என உள் விட்டம் கிடைக்கும். 04 முதலான எண்களுக்கு இவ்விதி பொருந்தும். ஆயினும் உள் விட்டம் ஒன்றானால் பேரிங்கும் ஒன்று என்று கொள்ளற்க. 6205-இன் வெளி விட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ.; 6305-இன் உள் விட்டமும் 25 மி.மீ.தான், ஆனால் வெளி விட்டம் 62, அகலம் 17. எண்ணின் பின் வரும் எழுத்துகள் மூடியின் வகை முதலியவற்றைக் குறிப்பன; அவற்றையும் விடாது எழுதிக்கொள்க. எண் அழிந்திருப்பின் உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூன்றையும் வெர்னியர் காலிபரால் அளந்து கடைக்காரரிடம் கொடுத்தால் அவர் எண்ணைக் கண்டு தருவார்.

4. ஆயில் சீலும் பெல்ட்டும்

ஆயில் சீலில் 35, 52, 8 என மூன்று எண்கள் இருந்தால் அவை முறையே தண்டின் விட்டம், வெளி விட்டம், அகலம் ஆகும். சுருள் கம்பியுள்ள உதடு எண்ணெய் இருக்கும் பக்கத்தை நோக்க வேண்டும். சீல் உட்காரும் இடத்தில் தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் கசியும். அப்போது கடையைக் குறை கூறிப் பயனில்லை.

பெல்ட்டில் உள்ள ஏ, பி என்னும் எழுத்து அதன் அகலத்தைக் குறிக்கும். ஏ ஏறத்தாழ 13 மி.மீ.; பி 17 மி.மீ. எழுத்தை அடுத்து வரும் எண் பெரும்பாலும் அங்குலத்தில் உள் சுற்றளவாகும். இரண்டு மூன்று பெல்ட்டுகள் சேர்ந்து ஓடும் இடத்தில் ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுக. இன்றேல் நீண்டுபோன பழையவை தளர்ந்திருக்க, புதியதொன்றே பாரம் முழுவதையும் இழுத்து விரைவில் கெடும்.

5. கழற்றும் முறை

முதலில் சேற்றைக் கழுவி உலர்த்துக. கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே சாக்கின்மேல் பரப்பி வைக்க வேண்டும். ரோட்டரியின் கத்திகளில் இடம் வளைந்தவை, வலம் வளைந்தவை என இருவகை உண்டு. கழற்றுமுன் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டுக்கொண்டால் வரிசை மாறாது. எல்லாவற்றினும் மேலாக, புதிய உறுப்பு பொருந்தி யந்திரம் ஓடும் வரையில் பழையதைப் பழைய இரும்புக்குப் போடலாகாது. உடைந்த துண்டும் அளவு சொல்லும் சாட்சியாகும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, முதற்பக்கத்தில் மேற்சொன்ன மூன்று எண்களையும், அடுத்த பக்கங்களில் மாற்றிய உறுப்பின் எண், அளவு, தேதி ஆகியவற்றையும் எழுதி வரலாம். ஒரு வெர்னியர் காலிபரைச் சங்கத்தின் பொதுச் செலவில் வாங்கலாம். அங்குல நட்டுகளையும் மெட்ரிக் நட்டுகளையும் வெவ்வேறு டப்பாக்களில் இட்டு, மேலே பெயர் எழுதி வைக்கலாம். நாம் அந்நான்கு அங்கத்தினர்களுக்கு நேர்ந்ததை அறிந்த பின்னரே இவற்றைச் செய்தோம். பிற சங்கத்தார் நடவு தொடங்குமுன்பே செய்துகொள்வாராக.

பயிற்சி வினாக்கள்

1. 6306 என்னும் பேரிங்கின் உள் விட்டம் யாது?
2. பத்து மரை இடைவெளிகளின் நீளம் 12.5 மி.மீ. எனில், அந்த 8 மி.மீ. போல்ட் எவ்வினத்தைச் சேர்ந்தது?
3. உங்கள் டில்லரின் மூன்று எண்களும் எங்கெங்கே உள்ளன? இன்றே சென்று பார்த்து எழுதுக.