திரையில் முதலில் பதவியேற்றவர்கள்

ஒபாமாவுக்கு முன்பே ஹாலிவுட்டில் கறுப்பின அதிபர்கள் வந்துவிட்டார்களாமே, நிஜமா?

நிஜம்தான். ஆனால் வந்த விதத்தைக் கவனியுங்கள். 1972-இல் வெளியான ‘தி மேன்’ படத்தில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் அதிபராகிறார். ஓட்டு வாங்கி அல்ல. கட்டடம் இடிந்து அதிபரும் சபாநாயகரும் சாக, துணை அதிபர் உடம்பு முடியாமல் ஒதுங்க, செனட்டில் இருந்த இவர் தலையில் பதவி விழுகிறது. தேர்தலில் ஜெயிக்கவைக்க அன்று கதாசிரியருக்கே துணிச்சல் வரவில்லை போலும்! 1998-இல் ‘டீப் இம்பேக்ட்’டில் மார்கன் ஃப்ரீமன் அதிபர். வால்நட்சத்திரம் மோத வரும் கவலையில் அவர் நிறம் யாருக்கும் பேச்சாகவே இல்லை. 2001-இல் தொடங்கிய ‘24’ தொடரின் டேவிட் பால்மர் முறையாகப் போட்டியிட்டே ஜெயித்தார். தன் வேடம் ஒபாமாவுக்கு வழி திறந்தது என்று அதில் நடித்த டென்னிஸ் ஹேஸ்பெர்ட் சொன்னார். நடிகருக்கு அந்த ஆசை இருக்காதா! நீங்கள் முதலில் ‘தி மேன்’ பாருங்கள்.