பிரெஞ்சு மொழி: முதற் பாடம்



பாரிஸ் நகரில் வாழும் நம்மவர் பலர், வைத்தியரிடம் போகும்போது பாடசாலைக்குப் போக வேண்டிய பிள்ளையையும் கூட்டிச் செல்கின்றனர். தாயின் வருத்தத்தைப் பிள்ளையே எடுத்துச் சொல்கிறது. எல்லா வருத்தத்தையும் பிள்ளையின் வாயால் சொல்லலாமா? வதிவிட அட்டைகள் பலவற்றுக்கான மொழித் தகைமையையும் 2024ஆம் ஆண்டுச் சட்டம் உயர்த்தியுள்ளது. ஆகவே, அங்கு செல்ல ஆயத்தமாவோர் இங்கிருக்கும்போதே சில வசனங்களையேனும் கற்றுக்கொள்வது நன்று.

1. வினையின்றி வசனமில்லை

'நான் நோயாளி' என்று தமிழில் வினையின்றிச் சொல்லலாம். பிரெஞ்சில் அது முடியாது. எழுவாய்க்கு அடுத்து வினை வரவேண்டும்.

ஜ சுவி மலாத்: நான் நோயுற்றிருக்கிறேன்.
இல் எ மலாத்: அவன் நோயுற்றிருக்கிறான்.
எல் எ மலாத்: அவள் நோயுற்றிருக்கிறாள்.

'ஜ' என்பது நான். எழுவாய் மாற, 'சுவி' என்ற வினை 'எ' ஆக மாறுவதைக் கவனியுங்கள்.

2. பசியும் தாகமும்

'எனக்குப் பசிக்கிறது' என்பதைப் பிரெஞ்சுக்காரர் 'நான் பசியை உடையேன்' என்பர்.

ஜே ஃபேன்: எனக்குப் பசி.
ஜே சுவாஃப்: எனக்குத் தாகம்.

'ஜ' என்பதும், உடையேன் எனப் பொருள்படும் 'ஏ' என்பதும் சேர்ந்தே 'ஜே' ஆயிற்று. வயதைச் சொல்வதும் இவ்வாறே. 'ஜ சுவி ஃபேன்' என்றால் 'நானே பசி' என்றாகிவிடும்!

3. 'இல்லை' என்பது எப்படி?

வினைக்கு முன் 'ந', பின் 'பா' என இரு சொற்கள் வேண்டும்.

ஜ கொம்ப்ரான்: எனக்கு விளங்குகிறது.
ஜ ந கொம்ப்ரான் பா: எனக்கு விளங்கவில்லை.

இறுதி 'ன்' மூக்கொலி மட்டுமே. நாவு அண்ணத்தில் படலாகாது. பேச்சில் 'ந' பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே கேட்கும்போது 'பா' மீதே காதை வையுங்கள்.

4. நீயும் நீங்களும்

இதில் தமிழர் நமக்குச் சிரமமில்லை. 'த்யூ' என்பது நீ. 'வூ' என்பது நீங்கள். வைத்தியர், அலுவலர், முன்பின் அறியாதவர் எல்லோரையும் 'வூ' என்றே அழையுங்கள்.

பயிற்சி: 'நான் நோயுற்றிருக்கவில்லை' என்பதைப் பிரெஞ்சில் சொல்லுங்கள்.
விடை: ஜ ந சுவி பா மலாத்.

மூன்றாம் பகுதியின் இரண்டாவது வசனத்தை மட்டுமாவது மனனம் செய்யுங்கள். மருந்தின் அளவு விளங்காமல் தலையாட்டிவிட்டு வருவதைவிட, 'விளங்கவில்லை' என்று வாய் திறந்து சொல்வது எவ்வளவோ மேல். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.