ரெசின் வார்க்கப் பிரஷர் பாட் வாங்கும் பிள்ளைகளுக்கு

எலப்புள்ளியிலிருந்து வாளையார் தாண்டிக் கோவைக்குச் சாமான் வாங்கப் போகும் பிள்ளைகளே, காசைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்.

1. மெல்லிய டாலருக்கும் கீ செயினுக்கும் பாட் வேண்டாம். மெதுவாக இறுகும் எபாக்சியில் குமிழ் பெரும்பாலும் தானே மேலே வந்துவிடும். கனத்த வார்ப்புக்கும், சட்டென்று இறுகும் பாலியூரித்தேனுக்கும்தான் பாட்.

2. பாட் குமிழை வெளியேற்றாது, நசுக்கும். 3 கிலோ பிரஷரில் (சதுர செ.மீ.க்கு 3 கிலோ) குமிழ் ஏறக்குறைய கால்வாசியாகச் சுருங்கும். ரெசின் இறுகும்வரை அந்தப் பிரஷர் குறையாமல் நிற்க வேண்டும்.

3. பழைய குக்கர் கூடவே கூடாது. அது சுமார் 1 கிலோ பிரஷரில் சோறு வேகவைக்கச் செய்யப்பட்டது. வெயிட் துளையில் ஹோஸ் மாட்டித் தருகிறேன் என்று லேத்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். வேக்குவம் சேம்பரும் ஆகாது. வெளிக்காற்று அழுத்துவதைத் தாங்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

4. பாட்டின் மேல் பொறித்திருக்கும் அதிகபட்ச பிரஷரைப் பாருங்கள். பொறிப்பு இல்லையென்றால் வாங்காதீர்கள். பாட்டாகப் பயன்படுத்தும் பெயின்ட் டேங்க் பலவற்றின் எல்லை 4 கிலோ அளவுதான்; கம்ப்ரசரோ 8 கிலோ வரை ஏற்றும். ஆகவே நடுவில் ரெகுலேட்டரும், பாட்டிலேயே அந்த எல்லையைத் தாண்டவிடாத சேஃப்டி வால்வும் வேண்டும். ரெகுலேட்டர் பழுதானால் உங்களைக் காப்பது அந்த வால்வுதான்.

5. சின்னதாகவே வாங்குங்கள். 20 செ.மீ. மூடியை 3 கிலோ பிரஷர் 940 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளும். 30 செ.மீ. மூடி என்றால் 2,100 கிலோவைத் தாண்டும். அத்தனையையும் பிடித்து நிற்பவை சுற்றியுள்ள சில கிளாம்புகளே. அவற்றை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

6. கோவை உக்கடத்தில் பழையது மலிவாகக் கிடைக்கிறதா? உட்புறத் துரு, ஒட்டு வெல்டிங், கிளாம்பில் கீறல், இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகுங்கள்.

7. தாங்குமா என்று காற்றடைத்துப் பார்க்காதீர்கள். விவரம் தெரிந்த பட்டறையில் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் அதிகம் சுருங்காது. பாத்திரம் விரிசல் விட்டாலும் ஒழுகும், காற்றைப்போல் சீறி வெடிக்காது.

8. மழைக்காலத்தில் கம்ப்ரசர் காற்றில் ஈரம் வரும், பாலியூரித்தேன் நுரைத்துப்போகும். ஈரம் பிரிக்கும் ஃபில்டர் வையுங்கள்.

9. கேஜ் பூச்சியம் காட்டினாலும் நம்பி மூடியைத் திறக்காதீர்கள். சேஃப்டி வால்வின் வளையத்தை இழுங்கள். 'உஸ்' என்றால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது, முழுதும் போகட்டும். பிறகு, மூடிக்கு மேல் குனியாமல், கிளாம்புகளைத் தளர்த்துங்கள்.